கீரை பேணல்

மாந்தர் உண்ணும் பொருள்களுள் நெல் ஓராண்டு கிடக்கும்; பருப்பும் புளியும் அவ்வாறே கிடக்கும். மீனைக் கருவாடாக்குவர், காயை வற்றலாக்குவர், மாங்காயை ஊறுகாயாக்குவர். கீரை ஒன்றே அவ்வளவு பொறுமையற்றது. காலையில் பசுமையாய் நின்ற கட்டு மாலையில் தலை சாய்ந்து, மறுநாள் மஞ்சளித்து, மூன்றாம் நாள் அழுகி நாறும். ஆதலின், கீரையை அன்றன்று வாங்கி அன்றன்று சமைப்பதே முறையென்று நம் முன்னோர் கொண்டனர். தோட்டக்கால் உள்ள ஊருக்கு அம்முறை எளிது. கடலும் உவர்மண்ணும் சூழ்ந்த ஊரினர் யாது செய்வது? இவ்வினாவுக்கு எம் இல்லத்தார் மூன்று திங்கள் விடை தேடிய வரலாற்றையும், அதன்கண் யாம் அறிந்த சில உண்மைகளையும் இம்மலரைப் படிக்கும் அன்பர்க்குக் கூறப் புகுகின்றோம். அடுக்களைச் செய்தி கல்லூரி மலருக்கு ஏற்குமோ என்று ஐயுறுவார் உளராயின், முடிவுவரை பொறுத்தருளுமாறு வேண்டுகின்றோம்.

காரங்காடு, இராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டிக்குத் தெற்கே, பாக்கு விரிகுடாவின் கரையில் அமைந்த சிற்றூர். அலையாத்திக் காட்டைக் காண வருவோர் பலரால் இக்காலத்து அறியப்பட்ட ஊர் அது. கழியின் இருமருங்கும் மரங்கள் அடர்ந்து நிற்க, படகிற் செல்வோர், "என்னே பசுமை!" என்று வியப்பர். ஆயினும், அப்பசுமையில் ஓர் இலையேனும் எம் உலைக்கு ஆவதன்று. எம் வீட்டுக் கிணற்று நீர் உவர். முற்றத்து முருங்கை ஒன்றே எமக்குத் தோட்டம். எம் தெருவுக்குக் கீரை கொணரும் அம்மையார் உள்நாட்டுச் சிற்றூரினின்று பேருந்திற் கூடையோடு செவ்வாயும் சனியுமே வருவார். மீனுக்குக் குறைவில்லாத இல்லத்தில், கீரை வாரம் இருமுறை வரும் விருந்தினனாகவே இருந்தது.

இந்நிலையில் எம் தமக்கையார் தலைப்பிரசவத்தின் பொருட்டு ஆவணித் திங்களில் தாய்வீடு வந்தனர். அப்பொழுது ஏழாந்திங்கள். முகம் வெளிறியிருந்தது, நான்கு படி ஏறினால் இளைப்பு வாங்கிற்று. இரத்தத்தைச் சோதித்ததில் ஹீமோகுளோபின் 8.4 கிராம் என்று வந்தது. சூல்கொண்ட மகளிர்க்கு அது 11 கிராமுக்குக் குறைதலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தார் வரையறை. இது எம் வீட்டுத் துன்பம் மட்டுமன்று. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்நாட்டில் சூல்கொண்ட மகளிருள் நூற்றுக்கு 52 பேர் இவ்வரையறைக்குக் கீழ்ப்பட்டவரே. செவிலியார் இரும்புச்சத்து மாத்திரைகளைத் தந்து, "மாத்திரையை ஒரு நாளும் விடாதீர்கள், நாள்தோறும் ஒரு கீரை சேருங்கள், எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள், சோற்றோடு தேநீர் அருந்தாதீர்கள்" என்று அன்புடன் சொல்லிவிடுத்தார். மாத்திரை கையிலிருந்தது, எலுமிச்சை கடையிலிருந்தது. "நாள்தோறும் கீரை" என்பதுதான் எமக்குப் பெரும் புதிராயிற்று. சனியன்று வாங்கிய கீரை திங்கள் வரையிலும், செவ்வாயன்று வாங்கியது வெள்ளி வரையிலும் நின்றாலன்றி அச்சொல் நிறைவேறாது.

நிற்க, கீரை ஏன் வாடுகின்றது என்பதை முதற்கண் ஆராய்வோம். பறித்த இலை இறந்த பொருளன்று. அது மூச்சு விடுகின்றது. தன்னகத்துள்ள சர்க்கரையைச் செலவிட்டு வெப்பத்தையும் நீராவியையும் வெளிவிடுகின்றது. வேரினின்று பிரிந்தமையால் அதற்கு வரவு இல்லை. செலவு மட்டுமே உண்டு. உஷ்ணம் பத்து டிகிரி மிகுந்தால் அச்செலவு ஏறக்குறைய இருமடங்கோ மும்மடங்கோ ஆகும். மேலும், இலையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்களவு நீரே. அந்நீரில் மூன்று முதல் ஐந்து பங்கு போனாலே இலை துவண்டுவிடும். எனவே கீரைக்குப் பகைவர் மூவர்: ஒன்று வெப்பம், இரண்டு உலர்ந்த காற்று, மூன்று நசுங்கிய காயத்தின்வழிப் புகும் அழுகல். இவருள் முன்னிருவரைத் தடுக்க ஈரம் வேண்டும்; மூன்றாமவனைத் தடுக்க ஈரம் ஆகாது. கீரை பேணும் கலையின் நுட்பமெல்லாம் இம்முரண்பாட்டினுள் அடங்கியது.

இதனைச் சொல்லாற் கூறாது செயலாற் காட்டியவர் எம் அப்பத்தா. கீரை கொணரும் அம்மையார், "தாயி, வாங்கினதும் கட்டை அவிழ்த்துப் போடு; கட்டோடு வைத்தால் உள்ளே புழுங்கிச் செத்துப்போகும்" என்று சொல்லிச் செல்வார். அப்பத்தா அவ்வாறே வாழைநாரை அறுத்து, கீரையை முறத்திற் பரப்பி, பழுத்ததும் நசுங்கியதும் புழுக்கடித்ததும் ஆகிய இலைகளைக் களைந்தெறிவார். அழுகிய ஓரிலை அருகுள்ள பத்து இலைகளைக் கெடுக்குமென்பது அவர் முதல் விதி. பின்னர் வேரிலுள்ள மண்ணை உதறுவாரேயன்றிக் கழுவமாட்டார். கழுவிய கீரையை அன்றே சமைக்கவேண்டும். வைக்கும் கீரையைக் கழுவலாகாது என்பது இரண்டாம் விதி. முளைக்கீரையின் வேரை அறுக்காது வைப்பார். தண்டிலுள்ள நீர் சிறிது காலம் இலைக்கு உதவுமன்றோ! இறுதியில், பழைய பருத்தி வேட்டித் துண்டை நனைத்து, துளி சொட்டாதபடி இறுகப் பிழிந்து, அதிற் கீரையைத் தளர்வாகச் சுற்றிப் பனையோலைப் பெட்டியில் வைத்து மூடுவார். ஓலைப்பெட்டி மூச்சு விடும்; ஈரத்துணி காற்றை உலர விடாது. மேற்கூறிய முரண்பாடு இவ்வாறு தீர்கின்றது.

அப்பத்தாவின் முறை மெய்தானா என்று எம் தம்பி சோதித்துப் பார்க்க விரும்பினான். தந்தையார் இறால் நிறுக்கும் சிறு தராசு வீட்டிலிருந்தது. ஒரே நாளில் வாங்கிய அரைக்கீரையில் 300 கிராம் கொண்ட மூன்று பங்கு எடுத்தோம். ஒன்றைத் திறந்த கூடையிலும், ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் முடிந்தும், ஒன்றை அப்பத்தாவின் பெட்டியிலும் வைத்தோம். மறுநாட் காலையிற் கூடைக்கீரை 215 கிராமாகக் குறைந்து சருகாயிற்று. பைக்கீரை எடை குறையவில்லை. ஆனால் பையின் உட்புறம் வியர்த்து, தண்டுகள் வழுவழுப்புற்று, நாற்றம் தோன்றிற்று. பெட்டிக்கீரை 288 கிராம் இருந்தது. இலை நிமிர்ந்தே நின்றது. தம்பி அக்கணக்கை நாட்காட்டியின் பின்புறத்தில் எழுதிவைத்தான். அப்பத்தா அதனைப் பார்த்து நகைத்து, "எனக்குத் தெரிந்ததைத் தராசுக்கும் தெரிவித்தாயோ, ராசா?" என்றார்.

பெட்டி ஒன்றரை நாள் காக்கும். அதற்கு மேலும் காக்க வேண்டிப் பானையை நாடினோம். பெரிய மண்பானையுள் மணலிட்டு, அதனுள் சிறிய பானையை இறக்கி, இடைவெளியிலும் மணல் நிரப்பி நீர் தெளித்து, சிறு பானையிற் கீரைச்சுருளை வைத்து ஈரச்சாக்கினால் மூடினோம். மண்ணின் நுண்துளைவழி நீர் ஆவியாகுங்கால் வெப்பத்தைக் கொண்டுசெல்வதால் உட்பானை குளிரும். 1995-ஆம் ஆண்டில் நைஜீரியா நாட்டு ஆசிரியர் முகம்மது பா அப்பா என்பார் இத்தகைய இரட்டைப்பானையை அந்நாட்டு ஏழை உழவர்க்குப் பரப்பிப் பெரும்புகழ் எய்தினர். ஆயினும் அவர் நாடு உலர்ந்த காற்றுடையது. எம் ஊரோ கடற்கரை. காற்றில் ஈரம் மிக்கிருப்பின் ஆவியாதல் குன்றும்; பானையும் குளிராது. இதனையும் அப்பத்தா தம் மொழியிற் கூறினார்: "கச்சான் அடிக்கும்போது பானையை நம்பு, கொண்டல் வந்தால் நம்பாதே." நிலத்தின் மீது வரும் மேல்காற்றாகிய கச்சான் உலர்ந்தது, கடலின் மீது வரும் கீழ்காற்றாகிய கொண்டல் ஈரமுடையது. ஆவணியில் பானைக்கீரை மூன்றாம் நாளும் பசுமையாயிருந்தது. புரட்டாசி இறுதியில் காற்றுத் திரும்பியதும் இரண்டாம் நாளே தளர்ந்தது. படகு செலுத்துவார் காற்றைப் பார்ப்பதுபோல், எம் அடுக்களையிலும் காற்றைப் பார்த்தே கீரைக்கு இடம் வகுத்தோம்.

கொண்டல் வந்தபின் பிரிட்ஜ் என்னும் குளிர்ப்பெட்டியே துணையாயிற்று. அதுவரை அது மீனுக்கே உரியதாய் இருந்தது. அதன் அடித்தட்டைக் கழுவித் துடைத்துக் கீரைக்கென ஒதுக்கினோம். நான்கு டிகிரி அளவான குளிரில் இலையின் மூச்சு மிக மெதுவாகும். துணியிற் சுற்றி, மூடியுள்ள பாத்திரத்தில் வைத்த கீரை நான்கைந்து நாள் நின்றது. ஈண்டுக் கருதத்தக்கன மூன்று. பச்சைமீனின் நீர் கீரைமேற் சொட்டுதலாகாது. ஆதலின் மீனைக் கீழும் கீரையை மேலும் வைக்க இயலாவிடில், மீனை மூடிய கலத்தில் இடல் வேண்டும். உறையறையை ஒட்டிய இடத்தில் இலை உறைந்து கருகும். ஆதலின் சற்று விலக்கி வைத்தல் வேண்டும். வாழைப்பழம், ஆப்பிள், தக்காளி முதலியன பழுக்குங்கால் எத்திலீன் என்னும் வாயுவை விடும். அது கீரையை விரைந்து மஞ்சளாக்கும். ஆதலின் பழத்தையும் கீரையையும் ஓரறையில் வைத்தலாகாது.

எல்லாக் கீரைக்கும் ஒரே விதி பொருந்தாது. கொத்துமல்லியையும் புதினாவையும் பூச்செண்டுபோல் தண்டு மட்டும் நீரில் அமிழ நிறுத்தலாம். முருங்கையைத் துணியில் இறுகச் சுற்றி இரவு வைத்தால், காலையில் இலைகள் காம்பினின்று தாமே உதிரும். அது உருவும் வேலையைக் குறைக்குமேயன்றி இலையைக் காக்காது. ஆதலின் முருங்கையை மரத்திலேயே விட்டு, வேண்டும்பொழுது ஒடிப்பதே நன்று. பொன்னாங்கண்ணியின் தண்டை எறியாது ஈரமண்ணில் ஊன்றினால் மீண்டும் துளிர்க்கும். நல்ல நீர் வார்த்த தொட்டியில் அது எமக்கு இருமுறை ஈந்தது. உவர்நிலத்திலே தானே வளரும் உமரிக்கீரையோ தடித்த இலையுடையது. இரண்டு நாள் கிடந்தாலும் எளிதில் வாடாது. கடற்கரை மக்கள் அதனை அவித்து, உப்புநீரை வடித்தெறிந்து உண்பர். ஆயினும் உப்பு மிக்கதாதலின், கால் வீங்கியிருந்த தமக்கையார்க்கு அதனை யாம் இடவில்லை.

புரட்டாசியில் எம் மைத்துனரின் இளவல் மதுரையினின்று வருகையில் லெட்டூஸ் என்னும் மேனாட்டுக் கீரை இரண்டு குடம் கொணர்ந்தார். "பச்சையாகவே தின்னலாம், இரத்தத்திற்கு நல்லது" என்றார். கோசுபோற் சுருண்டு, தொட்டால் நொறுங்கும் அவ்விலையை வீட்டார் அனைவரும் சூழ்ந்து நின்று பார்த்தோம். மலைநாட்டின் குளிரில் விளையும் இப்பயிர் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு நீரே. காம்பை ஒடித்தாற் பாலொழுகும். இலத்தீன் மொழியிற் பாலைக் குறிக்கும் சொல்லினின்றே அதன் பெயர் பிறந்தது. அப்பத்தா அதனை விரலால் அழுத்திப் பார்த்து, "இதுவும் கீரைதானே!" என்று கூறி, இலைகளைப் பிரிக்காது முழுக்குடமாகவே துணியிற் சுற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்தார். வேண்டியபொழுது புறவிலைகளை மட்டும் உரித்தெடுத்தார். ஐந்தாம் நாளும் உட்குருத்து மொறுமொறுப்பாயிருந்தது. முன்பின் காணாத பொருளுக்கும் அவருடைய விதிகள் பிழையின்றிப் பொருந்தின. ஒன்றில் மட்டும் அவர் விருந்தினர் சொல்லைக் கேளாதொழிந்தார். சூல்கொண்டவள் பச்சையிலை தின்னலாகாதென்று, இறக்கும் தறுவாயிலிருந்த பாசிப்பருப்பில் அதனைக் கிள்ளியிட்டு, ஒரு கொதி கண்டதும் இறக்கிவிட்டார். நன்னீரால் நன்கு கழுவாத பச்சையிலைவழி நோய்க்கிருமிகள் புகுதல் கூடுமாதலின், அவர் அச்சம் தக்கதே.

கழுவுதலைப் பற்றியும் ஒருசொல் கூறவேண்டும். நன்னீரைக் குடம் குடமாக விலைகொடுத்துத் தள்ளுவண்டியில் கொணரும் வீட்டில், கீரை கழுவுதலும் ஒரு பொருளாதாரமே. மூன்று சட்டி வைத்தோம். முதற்சட்டியில் கிணற்று உவர்நீர். அதில் அலசிய மாத்திரத்தில் மண்ணும் பூச்சியும் கழன்றுபோம். ஆயினும் அதில் ஊறவிடலாகாது. உப்பு இலையின் நீரை வெளியே இழுத்து அதனைத் துவளச் செய்யும். இரண்டாஞ் சட்டியிலும் மூன்றாஞ் சட்டியிலும் நன்னீர். மூன்றாவதில் மிஞ்சிய நீர் அடுத்த நாள் இரண்டாவதாகும்; இரண்டாவதில் மிஞ்சியது பொன்னாங்கண்ணித் தொட்டிக்குச் செல்லும். அரிந்தபின் கழுவினால் சத்து நீரோடு போமாதலின், கழுவியபின்னரே அரிந்தோம்.

இத்துணை முயற்சி ஏன் என்பார்க்கு ஒரு வரலாறு கூறுவோம். 1928-ஆம் ஆண்டில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார் பம்பாய்க்கு வந்து, ஆலைத்தொழிலாளரான ஏழை மகளிர் சூற்காலத்துக் குருதி குன்றி மாய்வதன் காரணத்தை ஆராய்ந்தார். பின்னர்க் குன்னூரிலும் சென்னையிலும் அவ்வாராய்ச்சியைத் தொடர்ந்தார். ஈஸ்ட்டினின்று எடுத்த மார்மைட் என்னும் மலிந்த பொருளை ஊட்டியபொழுது அம்மகளிர் தேறக் கண்டு, 1931-ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார். அதனுள் மறைந்திருந்த சத்து யாதென்று அன்று ஒருவரும் அறியார். 1941-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு விஞ்ஞானிகள் நான்கு டன் பசலைவகைக் கீரையைப் பிழிந்து அத்தகைய சத்தொன்றைப் பிரித்தெடுத்து, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். இன்று சூல்கொண்ட மகளிர்க்கு இந்நாட்டில் இலவசமாக வழங்கும் மாத்திரையில், 60 மில்லிகிராம் இரும்போடு 500 மைக்ரோகிராம் அளவில் சேர்ந்திருப்பது அதுவே. இச்சத்தும் வைட்டமின் சி-யும் நீரிற் கரைவன, நெடுங்கொதியில் அழிவன, கீரை வாடுந்தோறும் குறைவன. வாடாது காத்தலும், குறைந்த நீரில் விரைந்து வேகவைத்தலும், வெந்த நீரை எறியாது கூட்டிற் சேர்த்தலும் ஒரே காரியத்தின் மூன்று உறுப்புகளாம். உமரிபோல் உப்பு மிக்கது மட்டும் விலக்கு. வெந்த கீரையை அன்றே உண்டு முடித்தல் நன்று, பேணுவதற்குரியது பச்சைக்கீரையே.

ஆவணி முதல் ஐப்பசி வரை எம் தமக்கையாரின் இலையில் கீரை இல்லாத நாள் மிகச் சிலவே. ஒன்பதாந்திங்கள் இறுதியில் மீண்டும் சோதித்தபொழுது 10.7 கிராம் என்று வந்தது. செவிலியார் அத்தாளை இருமுறை பார்த்துப் புன்னகைத்தார். இதனைக் கீரையே செய்ததென்று யாம் கூறோம். மாத்திரையின் பங்கே பெரிது. கீரையிலுள்ள இரும்பு உடலிற் சேர்வது சிறிதளவே என்பதும், எலுமிச்சை அதற்குத் துணையாவதும் நூல்கள் கூறுவனவே. ஆயினும், வயிற்றைப் புரட்டும் அம்மாத்திரையைத் தமக்கையார் ஒருநாளும் விடாது விழுங்கியதற்கு, தம்பொருட்டுக் காற்றுப் பார்த்துப் பானை வைத்த முதியவரின் முகமே காரணமென்று அவர் பின்னர்க் கூறினர். ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஓரிரவில் பெண்மகவு பிறந்தது. தாயும் சேயும் நலம்.

அன்பர்களே! நம்மில் பலர் விடுதியிலும் வெளியூரிலும் வாழ்பவர். வாங்கிய கீரையைப் பையோடு மூலையிலிட்டு மூன்றாம் நாள் குப்பையில் கொட்டும் வழக்கம் நம்மிடை மலிந்துள்ளது. உழவன் விளைத்து, முதிய மாதொருத்தி கூடை சுமந்து, பேருந்தேறிக் கொணர்ந்த பொருள் அது. அதனைப் பேணுதற்கு வேண்டுவன ஒரு பழந்துணியும், ஓர் ஓலைப்பெட்டியும், ஐந்து நிமிடமுமே. இது பெண்டிர் தொழில் என்று ஆடவர் ஒதுங்குதலும் தக்கதன்று. எம் இல்லத்தில் எடை பார்த்தவனும், பானைக்கு மணல் சுமந்தவனும், நாளடைவில் கட்டை அவிழ்த்து ஆய்ந்து வைத்தவனும் எம் தம்பியே. ஆய்வுச்சாலையிற் கற்கும் ஆவியாதலும் சுவாசித்தலும் சவ்வூடு பரவலும் நம் அடுக்களையில் நாள்தோறும் நிகழ்கின்றன. அவற்றைப் பெயரறியாமலே ஆள்வார் நம் இல்லங்களில் இன்னும் உளர். அவர் இருக்கும்போதே அவரிடம் கேட்டுக் கற்றுக்கொள்வது நம் கடமை. மற்றவற்றை மறப்பினும், கீரை வாங்கி வந்தவுடன் கட்டை அவிழ்த்துவிடுங்கள். இந்த ஒன்றை மட்டுமேனும் நினைவிற் கொள்ளுமாறு வேண்டி அமைகின்றோம்.